எழுவாய் இல்லாத சாவு

மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் போகும் பஸ்ஸில் ஒரு கல்லூரி மாணவனிடம் கேட்டேன்: "சிதம்பரம் ராஜேந்திரன் எப்படிச் செத்தான் தம்பி?"

"தமிழுக்காக, சார்."

நான் கேட்டது எப்படி என்று. அவன் சொன்னது எதற்காக என்று.

1965 ஜனவரி 27 அன்று போலீஸ் சுட்டு இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ராஜேந்திரன். அன்றைய ஆட்சிக்கு அது கலவரத்தை அடக்கிய காரியம். 1967-இல் ஆட்சி மாறியது, அவன் தியாகியானான். பிறகு சிலை, ஆண்டுதோறும் மாலை, மேடை.

இதை வரலாற்றுப் பிரக்ஞையின் வளர்ச்சி என்பதை நான் ஏற்கவில்லை. மாறியது தீர்ப்புதான், பார்வை அல்ல. தியாகி என்றதும் சாவு அவனே கொடுத்ததாகிவிடுகிறது; எடுத்தவன் மறைந்துபோகிறான்.

2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் முதலில் 'சமூக விரோதிகள்' என்ற பேச்சு, பிறகு 'தியாகிகள்'. ஆனால் 2022-இல் சட்டசபைக்கு வந்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை போலீஸ் அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்தது.

நான் படித்த மொழிப்போர்க் கவிதைகளில் ரத்தம் உண்டு, தாய் உண்டு, தீ உண்டு. துப்பாக்கி பிடித்த கை இல்லை. ஒரு விசாரணை அறிக்கைக்கு இருந்த கண் நம் கவிதைக்கு இல்லாமல் போனது ஏன்? இதை நான் என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.