கருகிய பெட்டிக்குள் மிஞ்சுபவை

ஏப்ரல், மே மாத இடிமழையின்போது பெங்களூரு மர்பி டவுனில் மின்சாரம் போய்த் திரும்பி, கம்ப்யூட்டர் 'டப்' என்று அணைந்தால் மொத்தமும் போச்சு என்றுதான் தோன்றும். பல நேரம் அப்படியில்லை.

முதல் அடி எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகத் தரும் அந்தத் தகரப் பெட்டி, தன் ஃபியூஸையும் வேரிஸ்டரையும் பலிகொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றிவிடுவதுண்டு. விவரமான மெக்கானிக் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மறுபடி மாட்டவே மாட்டார். வேறொன்றை மல்ட்டிமீட்டரில் சோதிப்பார். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை காட்ட வேண்டும். பிறகு மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம் மட்டும் இணைத்துப் பார்ப்பார். அவசரமில்லாத அந்த வரிசைதான் இந்தத் தொழிலின் அழகு.

ஹார்ட் டிஸ்க் விஷயம் இன்னும் ருசியானது. பல டிஸ்க்குகளின் பச்சை போர்டில், மின் இணைப்புக்குப் பக்கத்தில், அரிசி அளவில் கறுப்பாக ஒரு டயோடு இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் அது தானே ஷார்ட் ஆகி மற்றதைக் காக்கும். சேதம் அத்தோடு நின்றிருந்தால், அதை எடுத்துவிட்டாலே டிஸ்க் சுழலும். கல்யாணப் படங்கள் திரும்பி வரும். ஆனால் காவல் போய்விட்டதால், படங்களைப் பிரதி எடுத்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் மாற்று பாகங்கள் கிடைக்கும். உண்மையிலேயே செத்த போர்டைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள்.