காய்ச்சலின் கணக்கு

கொள்ளை நோய்க்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் கிடையாது என்று நான் ஒரு கதை எழுதியிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முந்திய கதை. வைசூரி ஒரு கிராமத்துக்குள் நுழைகிறது. முதலில் பண்ணையார் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோகிறது. மறுநாள் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையை. இரண்டு பாடைகளும் ஒரே களத்துமேட்டு வழியாகப் போகின்றன. கதை அச்சானபோது நாலைந்து வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். யமனுடைய தராசைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று ஒரு நண்பர் பரவசப்பட்டார். எனக்கும் அந்த அபிப்பிராயம்தான் இருந்தது. நம்புவதற்குச் சுகமான விஷயம் அது. பண்ணையாருக்கும் ஆறுதல், பண்ணையாளுக்கும் ஆறுதல், எழுதியவனுக்குச் சன்மானம்.

அந்தக் கதை பொய் என்று சொல்லவேண்டிய நிலைமையில் இப்போது இருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு நாவல். நாவலை எழுதியவர் நாவலாசிரியரே அல்ல, ஒரு டாக்டர்.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பல வருஷங்கள் வைத்தியம் பார்த்தவர். தோட்டத்துக் கிழவர்களும் கிழவிகளும் சொல்லக் கேட்டவற்றை மனத்தில் சேர்த்துவைத்து 1969-இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். தமிழ் பேசிய மனிதர்களைப் பற்றிய புத்தகம் தமிழுக்கு வருவதற்கு வெகு காலம் பிடித்தது. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார். அதைத் தழுவி 2013-இல் பாலா ‘பரதேசி’ எடுத்த பிறகுதான் நம்மில் பலர் புத்தகத்தையே தேடினோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதை மறைப்பானேன்?

கதை 1920-களில் நடக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஏறிய பிறகு இறங்க வழியில்லை. முன்பணம் கடனாகிறது, கடன் கூலியைத் தின்கிறது, காய்ச்சல் ஆளைத் தின்கிறது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கூலிக்காரன்தான் மேஸ்திரிக்குப் பாக்கி. வழக்கமான சோகக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நடை சில இடங்களில் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறதே என்று உதட்டையும் பிதுக்கினேன்.

இரண்டாம் தடவை அதை 2021-ஆம் வருஷக் கடைசியில் குன்னூரில் படித்தேன். கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்திருந்தது. ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் என் நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அப்போது தட்டுப்பட்டது, முதல் வாசிப்பில் நான் கவனிக்காத ஒரு சங்கதி. டேனியலின் நாவலில் காய்ச்சல் எங்கிருந்தோ வந்த விதியாக இல்லை. அதற்கு ஒரு முகவரி இருக்கிறது. ஒழுகும் கொட்டடி, அரைவயிறு, மழையில் நனைந்த கம்பளி, படுத்தால் அன்றைய கூலி போயிற்று என்ற பயம், படிப்பில்லாத ஓர் ஆளின் கையில் ஒரு ஆஸ்பத்திரி. காய்ச்சல் இந்த வழியாகத்தான் நுழைகிறது. துரையின் பங்களாவிலும் அதே கொசு பறக்கிறது. ஆனால் துரைக்குக் கொசுவலை இருக்கிறது, கொய்னா இருக்கிறது, படுத்துக்கிடக்கச் சம்பளத்தோடு லீவு இருக்கிறது.

கொய்னா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1860-இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற வெள்ளைக்காரர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் செய்த சிங்கோனா மரங்களை நீலகிரியில்தான் நட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழும்பின. அங்கே வேலை செய்யச் சீனக் கைதிகள்கூடக் கொண்டுவரப்பட்டார்கள். நடுவட்டத்தில் சர்க்கார் கொய்னாத் தொழிற்சாலை நடந்தது. ஏழைகளுக்காகத் தபாலாபீசில் காலணாப் பொட்டலமாகவும் கொய்னா விற்றார்கள். கருப்பனும் வள்ளியும் நடுங்கிக்கொண்டு கிடந்த காலத்தில் மருந்து உலகத்தில் இல்லாமலில்லை. வடக்கே இரண்டு மலை தாண்டிக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவில் மேஸ்திரியின் பேரேடு கிடந்தது, அவ்வளவுதான். டேனியல் நடுவட்டத்தைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

தேயிலையைப் பற்றி எழுதிய மற்றவர்களையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். முல்க்ராஜ் ஆனந்த் 1937-இல் எழுதிய ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ அஸ்ஸாம் தோட்டத்துக் கதை. அங்கேயும் காய்ச்சல், காலரா. அங்கேயும் நல்ல தண்ணீருக்குத் திட்டம் போடும் ஒரு டாக்டர், செலவு என்று தட்டிக் கழிக்கும் ஒரு மானேஜர். ஆனால் ஆனந்துக்குத் துரைமார்மேல் இருக்கும் கோபம் நோயின்மேல் இருக்கும் கவனத்தைவிடப் பெரிது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போய் உடம்பெல்லாம் நோயாகிறாள். அந்தக் கசப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் அங்கே நோய் ஒருத்தியின் நாசத்துக்கு அடையாளமாக நிற்கிறது. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ இதே நீலகிரியின் படகர் வாழ்வில் பணப்பயிர் வந்து புகுந்த கதை. அதன் அக்கறை வேறு. ஒரு கூட்டத்துக்கு வந்த நோயைக் கூலிக் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தவர் டேனியல் ஒருவர்தான். டாக்டர் ஆனதால்தான் அது அவருக்குச் சாத்தியமாயிற்று. நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போது ‘என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்டாகவேண்டிய தொழில் அது. நாம் கதாபாத்திரத்தை ‘என்ன நினைத்தாய்’ என்று கேட்டதோடு நின்றுவிடுகிறோம்.

1918-இல் வந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். இவ்வளவு பெரிய சாவு தமிழ்க் கதைகளில் எங்கே போயிற்று? என் கண்ணில் பட்டவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு வாக்கியம் இருக்கிறது. ஹிந்தியில் நிராலா தம் மனைவியை அதில் பறிகொடுத்தார். கங்கையில் பிணங்கள் நிறைந்து கிடந்ததைப் பின்னாளில் எழுதிவைத்தார். நம்மவர்கள் அப்போது காதலையும் தேசத்தையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் பம்பாய் நகரத்தில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. நாவலாசிரியர்கள் அதை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேருக்கு இறந்தவர்கள்: ஐரோப்பியரில் 8 பேர், பார்சிகளில் 9 பேர், உயர்சாதி ஹிந்துக்களிலும் முஸ்லிம்களிலும் சுமார் 19 பேர், தாழ்த்தப்பட்ட ஹிந்துக்களில் 61 பேருக்கும் மேல். ஒரே நகரம், ஒரே மாதங்கள், ஒரே கடற்காற்று. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. தானிய விலை ஏறியிருந்தது. வீட்டில் அத்தனை பேரும் ஒரே அறையில் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆளில்லை. என் கதையில் இரண்டு பாடைகள் ஒரே வழியாகப் போயினவே, பம்பாயில் ஒன்றுக்கு ஏழு என்ற கணக்கில் போயிருக்கின்றன.

தேசங்களுக்கு நடுவிலும் இதே விகிதாசாரந்தான். 2006-இல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி, அந்தப் பழைய காய்ச்சலின் சாவைப் பல நாடுகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தது. டென்மார்க்கில் ஆயிரத்துக்கு 2 பேர். இந்தியாவில் 44 பேர். இந்த வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதியைத் தலைக்கு வருமானம் எவ்வளவு என்பதைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று அவர்கள் கண்டார்கள். மற்றப் பாதி? அங்கேதான் எனக்குச் சுவாரஸ்யம். சராசரி வருமானம் என்பது ஒரு பொல்லாத வார்த்தை. துரைக்கு ஆயிரம், கருப்பனுக்கு ஆறு என்றால் சராசரியில் இருவரும் செழிப்பாகத்தான் இருப்பார்கள். கொரோனாவின்போது 84 நாடுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். வருமான ஏற்றத்தாழ்வு அதிகமான நாடுகளில் சாவும் அதிகமாக இருந்தது. சர்க்கார் ஸ்தாபனங்களை ஜனங்கள் நம்பிய நாடுகளில் குறைவாக இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சாதித்துவிட முடியாது. கிழவர்கள் எத்தனை பேர், நகரங்கள் எவ்வளவு நெருக்கம், சாவை எவ்வளவு ஒழுங்காக எண்ணினார்கள் என்று நூறு சங்கதிகள் குறுக்கே நிற்கும். இந்தியாவில் 2020, 2021 இரண்டு வருஷத்திலும் கொரோனாவால் இறந்தவர்கள் 5 லட்சத்துக்கும் குறைவு என்றது சர்க்கார் கணக்கு. அந்த இரண்டு வருஷத்தில் வழக்கத்துக்கு மேல் இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்றது உலக சுகாதார ஸ்தாபனம். நம் சர்க்கார் அதை ஏற்கவில்லை. எண்ணப்படுவதிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

காரண காரியம் வேண்டுமென்பவர்களுக்குக் குன்னூரிலேயே ஒரு சாட்சி உண்டு. ஸிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிலையம் 1907-இல் ஏற்பட்டது. அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறிநாய் கடித்து, சிகிச்சைக்கு வழியில்லாமல் இறந்துபோனாள். அதன்பின் அமெரிக்கச் செல்வர் ஒருவர் அளித்த நன்கொடையைக் கொண்டு நிலையம் எழும்பிற்று. (வெறிநாய் அதற்கு முன்பு நம்மவர்களைக் கடித்ததே இல்லை போலும்.) அந்த நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மக்காரிஸன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் சாப்பிடுவதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டின அரிசியை நம்பியிருந்த சென்னைச் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. பிறகு ஏழை இங்கிலீஷ்காரன் உணவையும் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டப்பா மாமிசம், ஜாம், சர்க்கரை நிறையப் போட்ட தேநீர். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின. நுரையீரல் நோயாலும் குடல் நோயாலும் மடிந்தன. கடைசியில் வலியது எளியதைக் கடித்துத் தின்னத் தொடங்கிற்று. கிருமி எல்லாக் கூண்டுக்கும் பொதுதான். சாப்பாடு பொதுவாக இல்லை. அந்த ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

இனி நண்பர் வீட்டு விஷயம். அவருடைய தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள் மாலையில் பால் கொண்டுவருவாள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பம். பேச்சில் இன்னும் கண்டியின் வாடை இருந்தது.

“தள்ளித் தள்ளி இருங்கன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாங்க சார். எங்க தள்ளிப் போறது? ஒரு காம்பரா, ஒரு குசினி. ஏழு பேரு.”

“காய்ச்சல் கண்டதும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லலையாம்மா?”

“சொன்னா பதினாலு நாளைக்குப் பேரு விழாது. எனக்கு மட்டுமா, வூட்டுல அத்தனை பேருக்கும். மாத்திரையைப் போட்டுக்கிட்டு மலைக்குப் போயிட்டேன்.”

நிறுவைக்கு நிற்கும் வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் அப்படி மாத்திரை போட்டுக்கொண்டு நின்றார்களோ. நண்பர் சும்மா இருக்காமல், சார் இதைப் பற்றிக் கதையெல்லாம் எழுதியிருக்கிறார் என்று என் வைசூரிக் கதையைச் சுருக்கிச் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பண்ணையார் வூட்டுல எத்தனை காம்பரா சார்?” என்றாள். நான் அதை எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

இந்தக் கேள்வி டேனியலுக்குத் தோன்றியிருந்தது. அதுதான் அவருடைய நாவலின் பலம். குறைகளும் உண்டு. ஏப்ரஹாம் என்ற நல்ல டாக்டர் வந்தவுடன் நாவலுக்கு ஓர் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. அது கொஞ்சம் சுலபமான ஆறுதல். கெட்டவர்கள் முழுக்கக் கெட்டவர்களாக இருக்கிறார்கள். மேஸ்திரியை அயோக்கியனாக்கிவிட்டால் வாசகனுக்கு வசதி. நல்ல மேஸ்திரியாக இருந்தாலும் அந்தப் பேரேடு அதே வேலையைத்தான் செய்திருக்கும் என்பது விட்டுப்போகிறது. 2021-இல் நான் பார்த்த தோட்டத்தில் அயோக்கியர் யாரும் இல்லை. கங்காணி இல்லை, கடன் அடிமை இல்லை, 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. காய்ச்சலைச் சொல்லத்தான் கட்டுப்படியாகவில்லை. வில்லன் இல்லாத இந்தக் கதையை எழுத டேனியலின் முறை போதாது. நம்முடைய முறை அதைவிடப் போதாது.

நீலகிரியே இன்னொரு பக்கத்தையும் காட்டியது என்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று மாவட்டத்தில் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள்; பலர் தோட்டத் தொழிலாளரைவிடவும் இல்லாதவர்கள். ஊசிக்குப் பயந்து காட்டுக்குள் போனவர்களும் உண்டு. நர்ஸுகள் பாடி பாடியாக நடந்து போய்ப் பேசிப் பேசி, 2021 ஜூன் முடிவதற்குள் பழங்குடிகளில் வயது வந்தவர்கள் அநேகமாக எல்லோருக்கும் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். நகரத்துப் பணக்காரர்கள் பலர் அப்போது இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வருமானம் மாறவில்லை, ஒரு தடவை தலைகீழாக நடந்தது. அந்த நர்ஸுகளைப் பற்றியும் யாரும் நாவல் எழுதினதாகத் தெரியவில்லை.

‘எரியும் பனிக்காட்’டை ஆங்கிலத்தில் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. முருகவேளின் தமிழில் கருப்பனும் வள்ளியும் ஊருக்குத் திரும்பிவிட்டது மாதிரி இருக்கிறது. என் பிரதியைக் குன்னூர் நண்பரிடம் விட்டுவிட்டு வந்தேன். பால் கொண்டுவரும் அம்மாளின் மகள் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பதாகவும், கணக்குப் பார்க்கிற அத்தியாயத்தைத் தாயாருக்கு வாசித்துக் காட்டினதாகவும் எழுதியிருக்கிறார்.