சேதி போட்டால் காற்று கிளம்புது!

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப் பண்ணைகளுக்கு எலெக்ட்ரிகல் பேனல் கட்டிக் கொடுப்பது என் தொழில். கான்டாக்டர், ரிலே, டைமர், டிரைவ் என்று கையில் புழங்காத சாமான் இல்லை. ஆனால் எதன் மேலும் இப்படி ஒரு பைத்தியம் பிடித்ததில்லை. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, 24 வோல்ட் டிசி சப்ளை, ஒரு லேன் கேபிள், நாலு சேனல் அனலாக் அவுட்புட். அதற்கு எம்கியூடிடி என்ற சேதி முறை வழியாக ‘60’ என்று ஒரு சேதி போடுகிறேன். அடுத்த நொடி அதன் டெர்மினலில் 13.6 மில்லிஆம்பியர் வந்து நிற்கிறது. செட்டின் கடைசியில் இருக்கும் ஐம்பது இஞ்ச் ஃபேன்கள் அந்த மின்னோட்டத்தைப் பார்த்து 30 ஹெர்ட்ஸில் சுற்ற ஆரம்பிக்கின்றன. வெறும் எழுத்தாகப் போனது காற்றாக வருகிறது! இதைப் பார்த்து ஆச்சரியப்படாத எலெக்ட்ரீஷியன் இருந்தால் அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஃபேனுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கோழிக்கு வேர்க்காது. வெயில் ஏறினால் அலகைத் திறந்து வேக வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது. விளைவு, தொட்டாலே கீறும் மெல்லிய ஓடு. நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு எவ்வளவு நல்ல விலை போட்டாலும், ஓடு உடைந்த முட்டைக்கு அந்த விலை கிடைக்காது. சித்திரை வெயிலில் கோழி சாவது தனிக் கணக்கு. கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வாராவாரம் வரும் வானிலை ஆலோசனையைப் பண்ணைக்காரர்கள் இவ்வளவு கவனமாகப் படிப்பதற்குக் காரணம் இதுதான்.

திறந்த செட்டுகளில் கூரை மேல் தண்ணீர் தெளித்துச் சமாளித்த காலம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஈசி செட்டுக்குப் போகிறார்கள். நாலு பக்கமும் மூடிய செட். ஒரு முனையில் ஈரமான கூலிங் பேடு, மறுமுனையில் காற்றை இழுக்கும் ஃபேன் வரிசை. இதில் வழக்கமான ஏற்பாடு ஆன், ஆஃப் மட்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் இரண்டு ஃபேன் கூட ஓடும், இறங்கினால் நிற்கும். ராத்திரி முழுக்க கான்டாக்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது.

நடுவில் நிற்கத் தெரிவதுதான் அனலாக் அவுட்புட்டின் அழகு. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், கரண்ட் பாதியாவதில்லை. கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகிறது. வேகத்தின் மும்மடிக்குத் தக்கபடி மின்சாரம் ஏறி இறங்குவது காற்றாடி விதி. 60 சதவீத வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 22 சதவீத மின்சாரம் போதும் என்று பேப்பரில் வரும். நிஜத்தில் டிரைவின் இழப்பு கொஞ்சம் உண்டு. இன்னொன்றும் உண்டு: வேகத்தை ரொம்பக் குறைத்தால் ஃபேனின் ஷட்டர் முழுசாகத் திறக்காது, பேடின் எதிர்ப்பைத் தாண்டிக் காற்று உள்ளே வராது. மத்தியான வெயிலில் குறைக்கவே கூடாது, முழு வேகம்தான். மிச்சம் பிடிப்பதெல்லாம் ராத்திரியிலும் மார்கழி, தை மாதங்களிலும். அதற்கே இந்தச் செலவு தகும் என்பது என் கட்சி.

இனி 4-20 மில்லிஆம்பியருக்கு வருகிறேன். 0-10 வோல்ட்டிலேயே ஓட்டலாமே என்று பலர் சொல்கிறார்கள். பேனல் அறை ஒரு முனை, ஃபேன் மறுமுனை, நடுவில் நானூறு அடி ஒயர், பக்கத்திலேயே டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள். அத்தனை தூரத்தில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், மோட்டார் கேபிளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். மின்னோட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு சுற்றில் இந்த முனையில் 13.6 என்றால் அந்த முனையிலும் 13.6 தான். ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி ஒயர் இழுத்து, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து பாருங்கள், ஃபேன் ஒரு துளி ஆடாது.

அதை விட எனக்குப் பிடித்தது அந்த 4. பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் ஏன் நாலிலிருந்து? ‘மெதுவாகப் போ’ என்பதற்கும் ‘ஒயர் அறுந்துவிட்டது’ என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. 4 வந்தால் அது உத்தரவு. 0 வந்தால் ஒயர் போயிற்று என்று அர்த்தம். இந்த யோசனை 4-20 மில்லிஆம்பியருக்கும் முந்தியது. ஆலைகளில் காற்றழுத்தத்தால் வால்வை இயக்கிய காலத்திலேயே 3 முதல் 15 பிஎஸ்ஐ என்றுதான் வைத்திருந்தார்கள். மூன்றுக்குப் பதினைந்து, நாலுக்கு இருபது. விகிதம் மாறவே இல்லை! பழைய ஆட்களின் மூளைக்கு ஒரு கும்பிடு.

அதே மூளை எம்கியூடிடியிலும் வேலை செய்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1999இல் ஆர்லன் நிப்பரும் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் சேர்ந்து உருவாக்கியது இது. பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க வேண்டும். செயற்கைக்கோள் இணைப்போ காசைத் தின்னும், அடிக்கடி அறுந்தும் போகும். அதனால் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவு செய்திருக்கிறார்கள். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் சேதிக்கு வெறும் 2 பைட். 2014இல் ஓயாசிஸ் அமைப்பு இதைப் பொதுத் தரமாக்கியது, 2019இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். பாலைவனத்துக்குச் செய்தது இங்கே பொருந்தாமல் போகுமா?

வேலை செய்யும் விதம் சங்ககிரிக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையே இல்லை. லாரி புக்கிங் ஆபீஸ்தான் எம்கியூடிடி புரோக்கர். சரக்கு அனுப்புகிறவருக்கு லாரிக்காரரைத் தெரியாது, லாரிக்காரருக்குச் சரக்குக்காரரைத் தெரியாது. இருவருக்கும் ஆபீஸைத் தெரிந்தால் போதும். வெப்பமானி தன் அளவைப் புரோக்கரிடம் போட்டுவிட்டுப் போகிறது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாளைக்குப் புதிதாக ஒரு டிஸ்ப்ளே மாட்டினால் பழைய பேனலில் ஒரு ஒயரையும் தொட வேண்டாம். கம்பெனிக்காரர்கள் விற்கும் ரெடிமேட் கன்ட்ரோலர்களில் எனக்கு இருக்கும் குறையே இதுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொல்லாது, வேறு கம்பெனிப் பெட்டியோடு பேசாது.

என் புரோக்கர் பண்ணைக்குள்ளேயே ஒரு ராஸ்பெர்ரி பையில் ஓடுகிறது. மென்பொருளின் பெயர் மஸ்கிட்டோ, இலவசம். ஈத்தொல்லைக்குப் பேர் போன கோழிச் செட்டில் கொசுவையும் நானே கொண்டுவந்து விட்டேன் என்று பண்ணையில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். இணையம் போனாலும் செட்டுக்குள் எதுவும் நிற்காது. வெளியே செல்போனுக்குத் தகவல் போவது மட்டும் நிற்கும். பெட்டி தைவானில் செய்தது. இந்த வகையில் பேர் வாங்கிய அட்வான்டெக், மோக்சா, ஐசிபி டாஸ் மூன்றுமே அந்த ஊர்தான், குட்டித் தீவு!

ஒவ்வொரு சேதிக்கும் முகவரி மாதிரி இருக்கும் டாபிக் பெயரை யூடிஎஃப்-8இல் எழுதலாம் என்று தரத்திலேயே இருக்கிறது. அப்புறம் என்ன, தமிழ்தான். என்னுடைய பெட்டியின் சொந்த டாபிக் முழுக்க எண்ணும் எழுத்துமாக இருந்தது. நடுவில் நோட்-ரெட் என்ற மென்பொருளை வைத்து ‘செட்/2/ஃபேன்/சொன்னது’, ‘செட்/2/ஃபேன்/நடந்தது’ என்று மாற்றிக்கொண்டேன். முதலாவதில் உத்தரவு போகும். இரண்டாவதில் டெர்மினலில் உண்மையில் என்ன அளவு நிற்கிறது என்று திரும்பி வரும். ‘செட்/+/ஃபேன்/நடந்தது’ என்று கேட்டால் எல்லா செட்டும் வரிசையாக வந்து விழும். செட் மேஸ்திரி பள்ளிப் படிப்போடு நின்றவர். செல்போனில் இதைத் தானே படித்துவிட்டு, “மூணாம் நெம்பர் சொன்னதும் நடந்ததும் ஒத்துக்கலீங்க” என்று எனக்குப் போன் செய்கிறார். தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட் ஆகும், ‘சொ’ என்று எழுதினாலே 6. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க் பார்த்தால் வருத்தப்படலாம். ஐந்தாம் பதிப்பில் டாபிக்குக்குப் பதில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள், அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

உத்தரவை எப்போதும் முழு அளவாகவே அனுப்புவேன். ‘60 ஆக்கு’ என்பது இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும் 60 தான். ‘5 கூட்டு’ என்று அனுப்பியிருந்தால் இரண்டு முறை சேர்ந்த அன்று கதை கந்தல். அதனால் ஒரு முறையாவது சேரட்டும் என்கிற கியூஓஎஸ் 1 எனக்குப் போதும். சரியாக ஒரே முறை என்கிற 2ஆம் தரத்தை நான் தொடுவதில்லை. கடைசி உத்தரவைப் புரோக்கர் பிடித்து வைத்திருக்கும் ரீடெய்ன் வசதி இன்னொரு பொக்கிஷம்: கரண்ட் போய்த் திரும்பியதும் பெட்டி கண் விழித்து, யாரையும் கேட்காமல் தன் அளவுக்குப் போய்விடும். ஆனால் விடியற்காலை போட்ட உத்தரவை மத்தியானம் எடுத்துக்கொள்ளக் கூடாதே? சேதிக்குக் காலாவதி நேரம் போடும் வசதி ஐந்தாம் பதிப்பில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டும் கட்டாயம். 1883ஆம் போர்ட்டை அப்படியே இணையத்தில் திறந்து வைத்தால் யாரோ ஒருவர் உங்கள் ஃபேனை நிறுத்துவார். வெளியே போக 8883தான் வழி.

இந்தப் பெட்டியை மாட்டிய பண்ணையின் சொந்தக்கார அண்ணனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தும் நம்பிக்கை வரவில்லை. “எல்லாஞ் சரிங்க தம்பி, இந்தப் பொட்டியே செத்துப் போச்சுன்னா என் கோழி என்னாகும்?” என்றார். சரியான கேள்வி. பதில் சொல்லாமல் லேன் கேபிளைப் பிடுங்கினேன்.

“அட, என்ன தம்பி பண்றீங்க! கோழி போயிருமுங்க!”

“கொஞ்சம் பொறுங்கண்ணா.”

சில நொடிகள் ஃபேன் அதே வேகத்தில் ஓடியது. அண்ணன் கேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபேன் வரிசையிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, ஏறி ஏறி, முழு இரைச்சலாக ஆனது. புரோக்கரோடு பேச்சு அறுந்தால் 20 மில்லிஆம்பியருக்குப் போய் நில் என்று பெட்டியில் பாதுகாப்பு அளவு வைத்திருந்தேன். நிறுத்துவது பாதுகாப்பு என்று நினைப்பது மில்லில். மூடிய செட்டில் பாதுகாப்பு என்றால் முழு வேகம். அதே சமயம் அண்ணனின் போனில் சேதி வந்தது: ‘செட் 2 பெட்டி இல்லை’. அது பெட்டி அனுப்பியது அல்ல. நான் போய்விட்டால் இதைச் சொல்லிவிடு என்று இணையும்போதே பெட்டி புரோக்கரிடம் எழுதிக் கொடுத்த உயில். கீப் அலைவ் நேரம் 10 நொடி என்றால் 15 நொடி வரை மூச்சுக் காட்டாவிட்டால் புரோக்கர் அந்த உயிலைப் படித்துவிடும். 4 மில்லிஆம்பியர் வைத்தவர்கள் யோசித்ததும் இதைத்தானே!

அடுத்து டிரைவுக்குப் போகும் ஒயரையே கழற்றினேன். மின்னோட்டம் நாலுக்குக் கீழே இறங்கியதும் டிரைவ் தானாகவே 50 ஹெர்ட்ஸுக்குப் போனது. இப்போது வரும் டிரைவ்கள் பலவற்றில் இந்த செட்டிங் உண்டு, யாரும் திறந்து பார்ப்பதில்லை. மூன்றாவதாக, இந்த மின்னணு எதையும் நம்பாத ஒரு சாதாரண தெர்மோஸ்டாட்டைத் தனியாக மாட்டியிருக்கிறேன். வெப்பம் எல்லை தாண்டினால் அது நேராக கான்டாக்டரை இழுத்துவிடும். ஜெனரேட்டரும் சைரனும் இல்லாத ஈசி செட்டுக்கு நான் இந்த வேலை செய்து கொடுப்பதில்லை. இதில் பேரம் கிடையாது.

மூன்றாவது சேனலை 0-10 வோல்ட்டுக்கு மாற்றி எல்இடி விளக்குகளுக்குக் கொடுத்திருக்கிறேன். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். பட்டென்று அணைத்தால் கூண்டுக்குள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். இப்போது அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல மங்குகிறது, கோழிகள் அந்தி சாய்ந்ததாக எண்ணி அடங்கிவிடுகின்றன.

நாலாவது சேனல் காலி. அதைப் பார்த்துவிட்டு ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை வைத்திருக்கும் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் மெஷினில் கிழங்கு கூடுதலாக விழுந்தால் மோட்டார் திணறி டிரிப் ஆகிறதாம். ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கன்வேயரை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார். அரைக்கும் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை ஒரு டாபிக்கில் போட வேண்டும். கன்வேயர் டிரைவ் அதைக் கேட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஈசி செட்டில் செய்ததே தலைகீழாக. இங்கே சேதி நின்றால் கன்வேயர் நிற்க வேண்டும், ஓடக்கூடாது. பாதுகாப்பு அளவு 4. கிழங்கு வரத்து தொடங்குவதற்குள் பேனல் முடிய வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். டாபிக் பெயர்கூட அவரே சொல்லிவிட்டார்: ‘ஆலை/அரவை/திணறல்’.