தோணியில் கள்ளம் உண்டோ?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், வாடைக்காற்றுக் காலத்தில், முள்ளிவாய்க்கால் கரைக்கு அப்பால் ஒரு படகு வந்து நின்றது. மியன்மாரில் நாடும் வீடும் இழந்த ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். முதலில் அவர்களைக் கண்டவர்கள் அப்பகுதி மீனவர்கள். மறுநாள் கடற்படை அப்படகைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது. நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டவர்களுள் பன்னிருவர் படகோட்டிகள் என்று விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டனர். ஏனையோர் சில நாட்களில் முல்லைத்தீவில் உள்ள கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். தம் காணியைக் கேட்டு எம் மக்கள் நெடுநாள் வீதியில் அமர்ந்து போராடிய அதே கேப்பாப்புலவு!

பசித்து வந்தவர்களுக்கு உணவு கொண்டுவந்தவர்கள் சாதாரண மக்களே. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அவ்வுணவின் சூடு ஆறுமுன்னரே நாடெங்கும் ஒரு விவாதம் எழுந்தது. ‘இவர்கள் அகதிகளா, சட்டவிரோதக் குடியேறிகளா? இவர்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை ஆயிரம் பேர் காத்திருக்கின்றனர்?’ என்ற கேள்விகள் எழுந்தன. மேலும் பெருந்தொகையினர் வரக்கூடும் என்ற எச்சரிக்கை அரசாங்கத் தரப்பிலிருந்தே கேட்டது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும்கூட, ஒரு பழைய சொல் மெல்லத் தலைநீட்டிற்று: ‘கள்ளத்தோணி’.

இலக்கிய விமர்சனம் நூல்களை மட்டும் எடைபோட்டால் போதாது என்பது நம் கருத்து. ஒரு சமுதாயம் அன்றாடம் வழங்கும் சொல்லும் அதன் படைப்புத்தான். எவரோ அதை ஆக்கினர். எவருக்கோ அது பயன்பட்டது. எவரையோ அது அழித்தது. அந்த நோக்கிலேயே இச்சொல்லை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

தோணி நம்முடைய சொல். கொட்டியாரக்குடாவிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் மக்களுக்கு அது சோறு. மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் ‘தோணி’ என்றே ஒரு சிறுகதை எழுதினார். 1962இல் வெளிவந்த அவருடைய தொகுதிக்கும் அதுவே பெயராயிற்று. ஈழத்துச் சிறுகதையில் கடலோர மக்களின் ஆசையையும் ஏக்கத்தையும் நிலைநாட்டிய பெயர் அது. அதே தலைமுறையில்தான், அதே சொல்லோடு ‘கள்ள’ என்ற அடை ஒட்டி, தமிழரிடத்தும் சிங்களவரிடத்தும் ஒரு வசைச்சொல் வலுப்பெற்றது. உழைப்பின் அடையாளம் குற்றத்தின் அடையாளமாக மாறியது எப்படி?

அம்மாற்றத்தைச் செய்தது கடலன்று, சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி மன்னார்க் கரையில் இறக்கியபோது எவரும் அத்தோணியைக் கள்ளத்தோணி என்று கூறவில்லை. கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கைகள் தேவைப்பட்டன. ஆகவே வாசல் திறந்திருந்தது. 1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. 1948இல் சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அதனோடு குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தையும் நிறைவேற்றியது. இந்நாட்டில் பிறந்த ஒருவன்கூடத் தன் தந்தையும் இங்குப் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ நிறுவினாலன்றி வம்சாவளிப் பிரஜையாக முடியாது என்றாயிற்று. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை ஒரு தோட்டத் தொழிலாளி எங்கே தேடுவான்?

இலட்சக்கணக்கானோர் ஒரே எழுதுகோல் வீச்சில் நாடற்றவராயினர். 1947இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவரும் இல்லை. அதே 1952இல் கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பதென்று இராணுவமும் கடற்படையும் வடகரையில் இறக்கப்பட்டன. 1963இல் அதற்கெனத் தனிப்படையே அமைந்தது. கடல் கடந்து புதிதாய் வந்தவனும், மூன்று தலைமுறையாய்த் தேயிலை கிள்ளியவனும் இவ்வாறு ஒரே வசைக்குள் அடக்கப்பட்டனர். சொல்லின் வேலை அதுதான். அது வேறுபாடுகளை அழிக்கிறது, வரலாற்றை மறைக்கிறது, முகத்தை எடுத்துவிட்டு முத்திரையை வைக்கிறது.

திருகோணமலைவாசிகளாகிய நாம் இவ்விடத்தில் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். மலையகத் தொழிலாளியிடம் பூட்டனின் பத்திரம் கேட்கப்பட்ட அதே ஆண்டுகளில், நம் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை நங்கூரமிட்டிருந்தது. எந்தப் பத்திரமும் அதனிடம் கேட்கப்படவில்லை. 1957 அக்டோபரில்தான் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அந்த ஏகாதிபத்தியம் கட்டிவைத்த 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. 14 தாங்கிகள் இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு என்று பங்கு பிரித்தனர். இவ்வுடன்படிக்கை நல்லதா தீயதா என்பது வேறு விவாதம். ஆனால் மூலதனம் கடல் கடந்து வரும்போது அதற்குச் செங்கம்பளம் விரிகிறது. பசி கடல் கடந்து வரும்போது முட்கம்பி விரிகிறது. ‘எல்லைகள் புனிதமானவை’ என்று முழங்குவோர் எவருக்கு எல்லை, எவருக்கு வாசல் என்பதையும் சொல்லவேண்டுமன்றோ?

இச்சொல்லை எதிர்க்க இலக்கியம் என்ன செய்தது? புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களின் துயரை எழுதினார். முதற் பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் பிரதிநிதியாக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை, வாக்கும் நாடும் பறிக்கப்பட்ட தம் மக்களின் வாழ்வை வாழ்நாள் முழுவதும் எழுதினார். எனினும் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நம் எழுத்தில் ‘வடக்கத்தியான்’ என்ற ஏளனம் எத்தனை காலம் நகைச்சுவையாக உலவியது! தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவன் எத்தனை கதைகளில் வெறும் மூலைப் பாத்திரமாக வந்து போனான்! மற்றவன் நம்மைக் கள்ளத்தோணி என்றபோது நமக்கு வலித்தது. நாம் மலையகத்தவனை அவ்வாறு அழைத்தபோது அது வழக்குச் சொல்லாயிற்று. 1977இன் வன்செயலுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் திருகோணமலை மாவட்டத்திலும் வந்து தங்கியபோதும் இந்நோய் முற்றாக நீங்கவில்லை.

இடதுசாரிகளாகிய நாமும் கணக்குக் கொடுக்க வேண்டும். 1948இல் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பேசினர், வாக்களித்தனர். அது நம் மரபின் பெருமை. ஆனால் 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் பங்காளி. 9,75,000 மனிதர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று இரு அரசாங்கங்கள் பேசி முடித்தன. அந்த மீதியை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அதே காலத்தில் முளைத்த மக்கள் விடுதலை முன்னணி, தன் வகுப்புகளில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்ற பாடத்தை நடத்தித் தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகக் காட்டியது. உலகத் தொழிலாளரே ஒன்றுபடுங்கள் என்ற கொடியின் கீழ் நின்றுகொண்டே நம் தீவின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தை அந்நியராகப் பார்த்த வரலாறு இது. 2024இல் ஆட்சிக்கு வந்தோர் அம்மரபின் வாரிசுகள். முகாமில் அடைக்கப்பட்ட ரோஹிங்கியாக் குழந்தைகள்மீது அவர்கள் எடுக்கும் முடிவு, பழைய பாடத்தை மறந்தார்களா என்பதற்கு ஒரு பரீட்சை.

ரோஹிங்கியா மக்களின் கதைக்கும் நம் கதைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு நெருங்கியது. 1982இல் பர்மிய அரசு இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், 1823க்கு முன்னரே அங்கு வேரூன்றிய இனங்கள் என்று தான் ஏற்றவற்றுக்கே முழு உரிமை தந்தது. அந்தப் பட்டியலில் ரோஹிங்கியாக்கள் இல்லை. முதலில் பத்திரம் பறிபோயிற்று, பின்னர் நிலம், 2017இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு உயிர் தப்பி ஓடினர். பூட்டனின் பத்திரத்தைக் கேட்கும் அரசு எங்கே போய் முடியும் என்பதை இலங்கைத் தமிழனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையாக நோக்குவோம். ‘வறிய நாடு நாம், நமக்கே போதவில்லை’ என்பது முதல் வாதம். நெருக்கடி உண்மை. ஆனால் நூறு பேருக்கு ஊட்டிய சோற்றால் எந்த நாடும் திவாலாவதில்லை. 2022இல் நம்மைத் திவாலாக்கியவர்கள் தோணியில் வரவில்லை.

‘ஆட்கடத்துவோர் பணம் பறிக்கின்றனர்’ என்பது இரண்டாம் வாதம். அதுவும் உண்மையே, ஓட்டைப் படகில் குழந்தைகளை ஏற்றிக் காசு பண்ணுவோருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நேர்வழி அடைபட்ட இடத்தில்தான் கடத்தல்காரன் கடை விரிக்கிறான். வாசலை மூட மூட அவன் கட்டணம் ஏறுகிறது.

‘சட்டம் சட்டந்தான்’ என்பது மூன்றாம் வாதம். இதற்குத் திருகோணமலைக் கரையே விடை சொல்லும். 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து 6,000க்கு மேற்பட்டோர் படகேறி ஆஸ்திரேலியா சேர்ந்தனர். கிழக்குக் கரையிலிருந்தும் படகுகள் புறப்பட்டன. அவற்றைத் தடுக்க ஆஸ்திரேலிய அரசு இலங்கைக் கடற்படைக்கு இரண்டு சுற்றுக்காவற் கப்பல்களை நன்கொடையாக அளித்தது. 2022இல் எரிபொருளும் பால்மாவும் இல்லாத நாட்களில் மீண்டும் படகுகள் புறப்பட்டன. திருகோணமலைக் கடலிலேயே பலர் பிடிபட்டனர். பிடிபட்டவர்கள்மீது பாய்ந்தது எது? 1948இன் அதே குடிவரவு, குடியகல்வுச் சட்டம். அன்று உள்ளே வந்தவனைக் கள்ளன் என்ற சட்டம் இன்று வெளியே போகிறவனைக் கள்ளன் என்கிறது. அன்று சொல்லை எறிந்தவனின் பேரனே இன்று அச்சொல்லின் இலக்கு. நம் பிள்ளை ஆஸ்திரேலியக் கரையில் நின்றால் அகதி, பிறர் பிள்ளை நம் கரையில் நின்றால் கள்ளத்தோணி என்பது நியாயமாகுமா?

எல்லைகளே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. வருவோரைப் பதிவதும் விசாரிப்பதும் அரசின் கடமை. ஆனால் விசாரணை வேறு, சிறை வேறு. 1951இன் அகதிகள் ஒப்பந்தத்தை இலங்கையும் ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. ஆகையால் புகலிடம் உரிமையாக இன்றி ஆள்வோரின் தயவாக இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டுகள் கழித்த நம் உறவினர் அத்தயவின் சுவையை அறிவர். 2003இன் சட்டம் இலங்கையிலிருந்த மலையகத் தமிழரின் நாடற்ற நிலையை நீக்கியது; 1948இல் செய்த அநீதியைத் திருத்த 55 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்நியர் என்று தள்ளியவர்களைப் பிரஜைகளாக ஏற்றதால் இந்நாடு மூழ்கவில்லை. அச்சமூட்டியோரின் கணக்குப் பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே நம் கோரிக்கை நேரானது. கடலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளை இராணுவ முகாமில் வைக்கலாகாது. புகலிடம் கேட்பவரைக் கொல்லும் கைகளிடம் திருப்பி ஒப்படைக்கலாகாது. அகதிகள் ஒப்பந்தத்தை இலங்கை ஏற்கவேண்டும்.

நம் கடமை அரசாங்கத்துக்கு மனு எழுதுவதோடு முடிவதன்று. நம் வாசகர்களுள் பெரும்பாலோர் ஆசிரியர்கள், மாணவர்கள். வகுப்பறையில் ஒரு சிறுவன் இன்னொருவனைக் ‘கள்ளத்தோணி’ என்று கூவும் நாள் வரும். அன்று பிரம்பை எடுக்க வேண்டாம். கரும்பலகையில் ‘தோணி’ என்று எழுதுங்கள். உன் பாட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தான், உன் மாமன் எந்தக் கரைக்குப் போனான் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். பாடம் முடியும்போது, ‘கள்ள’ என்ற அடையை யார் பெயருக்கு முன்னால் எழுதுவதென்று அவ்வகுப்பையே கேளுங்கள்.