மட்டம் எதுவரை?

வாஷிங் மெஷின் குதிக்க ஆரம்பித்தால் வீட்டில் எல்லாருக்கும் தோன்றும் வைத்தியம் ஒன்றுதான்: குனிந்து காலுக்கடியில் எதையாவது செருகுவது. மடித்த அட்டை, உடைந்த டைல்ஸ், பழைய செருப்பு ரப்பர். சர்வீஸுக்கு வருபவர் அதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார். ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை கால்களைத் திருகுகிறார். தேவையான வேலைதான். ஆனால் மட்டத்தால் ஆகாத காரியத்தையும் அதன் தலையில் கட்டுகிறோம்.

அத்திப்பட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். இங்குள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டானாலும் 600 மெகாவாட் யூனிட்டானாலும் டர்பைன் சுற்றுவது நிமிடத்துக்கு 3000 முறை. அந்த மாதிரி இயந்திரத்துக்கு மட்டம் பார்த்து, ஷிம் தகடு கொடுத்து அலைன்மென்ட் பிடிப்பது ஒரு வேலை. சுழலும் ரோட்டரின் எடை ஒரு பக்கம் சாயாமல் பேலன்ஸ் செய்வது வேறு வேலை. முதலாவதை முடித்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று எந்த ஃபிட்டரும் சொல்லமாட்டார். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

ஈரப் போர்வை சுருண்டு, டிரம்மில் ஒரு பக்கம் மட்டும் 1 கிலோ கூடிவிட்டது, அது மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 700 சுற்று வேகத்தில் அது வெளியே இழுக்கும் விசை சுமார் 135 கிலோ எடைக்குச் சமம். 1200 சுற்றில் 400 கிலோ. காலை எவ்வளவு திருகினாலும் இதில் ஒரு கிராம் குறையாது. இதைத் தாங்கத்தான் டாப் லோடில் தொட்டி விளிம்பில் உப்புநீர் அடைத்த வளையமும் நான்கு தொங்கு கம்பிகளும். ஃப்ரண்ட் லோடில் கான்கிரீட் கட்டையும் ஸ்பிரிங்கும் டேம்பரும்.

அப்படியானால் மட்டம் எதற்கு? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலு கால் வந்தால்தான் வம்பு. ஒரு கால் தரையைத் தொடாமல் நின்றால், உள்ளே அடங்கவேண்டிய அதிர்வு பெட்டியையே தூக்கிப் போடும். டாப் லோடில் இன்னொன்றும் உண்டு: தொட்டி தொங்குவதால், பெட்டி சாய்ந்தால் ஒரு பக்கம் இடைவெளி குறைந்து இடிக்கும். ஃப்ரண்ட் லோடில் குமிழியைவிடப் பிடிப்பே முக்கியம். எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பார்ப்பது, வளைந்த பிளாஸ்டிக் மூடிமேல் ரசமட்டம் வைப்பதைவிட நம்பகமானது.

காலைத் திருகி மட்டம் பிடிக்கும் முறையின் பெரிய பலவீனம் தரையில் இருக்கிறது. மெஷின் நிற்பது பாத்ரூமில், பால்கனியில், பின்கட்டில். அங்கெல்லாம் தண்ணீர் ஓட மேஸ்திரி வேண்டுமென்றே வாட்டம் கொடுத்திருப்பார். அதை ஈடுகட்ட ஒரு பக்கக் கால்களை நீளமாக வெளியே திருகவேண்டும். நீண்ட கால் வளைந்துகொடுக்கும். லாக் நட்டை இறுக்காமல் விட்டால் அதிர்விலேயே மெல்லத் திரும்பி, பார்த்த மட்டமும் போய்விடும். எண்ணூர்க் கடற்காற்றில் துரு ஏறிய திருகு பிறகு அசையாது. மறுபடி அட்டைதான், அதுவும் நனைந்து கூழாகும்வரை.

சக்கரம் வைத்த ஸ்டாண்டை நான் ஏற்கமாட்டேன். கழுவித் தள்ள வசதி, அடிப்பகுதி ஈரம் படாமல் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் இறுக்கமாக நிற்கவேண்டியதை உருளும் பொருளின்மேல் ஏற்றிவிட்டு மட்டம் பார்ப்பதில் என்ன பயன்? வாட்டத் தரைக்கு நடுவே மட்டமான சின்ன சிமென்ட் மேடை போட்டால் மெஷின் இறுக்கமாகவும் நிற்கும், அடியில் ஈரமும் படாது. வீடு கட்டும்போது அது அரைநாள் வேலை; வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குவது வேறு கதை.

அடுத்த முறை குதித்தால், குனிவதற்கு முன் துணியை எடுத்துவிட்டுக் காலியாக ஸ்பின் ஓடவிடுங்கள். அமைதியாக ஓடினால் குற்றம் போர்வையுடையது. கூட இரண்டு துணி போட்டுப் பரப்பிவிட்டால் போதும். காலியாகவே ஆடினால் கால்களைப் பாருங்கள். கால்களும் சரியென்றால் தொங்கு கம்பியோ டேம்பரோ தேய்ந்திருக்கலாம். புது ஃப்ரண்ட் லோடு என்றால், லாரிப் பயணத்துக்காகப் பின்பக்கம் முடுக்கிய போல்ட்டுகள் கழற்றப்படாமலே இருக்கலாம்.