சாக்ஸபோனின் நாதம்

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், பித்தளையால் ஆனதாயினும், ஊதுவாயில் பொருத்தப்படும் ஒற்றை நாணல் சீவாளியின் அதிர்வால் ஒலிப்பதால், மரத் துளைக்கருவிகளின் வகையிலேயே வைத்து எண்ணப்படுகிறது. விரல்கள் சாவிகளை அழுத்திச் சுரத்தைத் தேர்ந்தாலும், அதன் நாதத்தைப் பண்படுத்துவன உதடும் மூச்சுமே. மேற்பற்கள் ஊதுவாயின் மேற்புறத்தில் ஊன்ற, கீழ்ப்பற்களின்மீது மெல்ல மடிந்த கீழுதடு சீவாளியைத் தாங்க, வாயின் இரு ஓரங்களும் காற்று கசியாமல் பொருந்த வேண்டும். கடித்தால் சுருதி ஏறி ஒலி மெலிகிறது, தளர்ந்தால் சுருதி இறங்குகிறது. ஆகவே, ஒரே சுரத்தை ஒரே மூச்சில் மென்மையாகத் தொடங்கி, வலுப்பெறச் செய்து, மீண்டும் மென்மைக்குக் கொண்டுவரும் நெடுஞ்சுரப் பயிற்சியே தலையாயது. அதனினும் நுட்பமானது, மிகத் தாழ்ந்த சுரத்துக்குரிய விரலமைப்பை மாற்றாமல், தொண்டையையும் நாவையும் மட்டும் அசைத்து, அச்சுரத்தினுள் அடங்கிய மேற்சுரங்களை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக எழும் ஒலிகளை, ஒவ்வொன்றாக வெளிக்கொணர்வதாகும்.

நாகஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியக் குழுவில் இக்கருவியைக் கண்டு மனம் பறிகொடுத்தவர். சுரத்துக்குச் சுரம் சாவியால் பிரிக்கப்பட்ட இக்கருவியில் கமகத்தை, அதாவது சுரங்களை இழைக்கும் அசைவை, குழைவோடு வாசித்துக் கர்நாடக இசை மேடையில் அதற்கு இடம் பெற்றுத் தந்தது அவருடைய பெருஞ்சாதனை. 1994-இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தில் ஒலிக்கும் சாக்ஸபோனும் அவர் வாசித்ததே. அத்தகைய நாதத்தை நாடிக் கற்கத் தொடங்குவோர் பாட்டுக்கு விரையாமல், முதலில் ஒரு சட்ஜத்தை, அதாவது ஆதார சுரமான 'ஸ'வை, நிறைவாக ஊதிப் பழக வேண்டும்.