சீறாவில் இரு நிலங்கள்

உமறுப்புலவர் அரபு நாட்டை மழையும் வெள்ளமும் நெல்வயலும் சூழ்ந்த மருதமாகப் பாடிவிட்டார் என்று குறை கூறுவோர் நம்மிடையே உளர். பாலை அறியாத புலவர் என்பது அவர்தம் தீர்ப்பு. அதே விலாதத்துக் காண்டத்திலுள்ள 'சுரத்திற் புனலழைத்த படல'த்தை அவர்கள் புரட்டிப் பார்த்ததில்லை போலும்! நீரின்றி வணிகக் கூட்டம் தவிக்கும் தவிப்பை அங்கே காண்கிறோம். பாலையை அறிந்தே புலவர் நாட்டுப் படலத்தில் மருதத்தை வைத்தார். அது காப்பிய மரபு.

அம்மரபை மெய்யாகவே மண்ணில் நடத்திப் பார்த்தது சவூதி அரசு. பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் பெய்த மழை நிலத்தடிப் பாறைகளில் தங்கியிருந்தது. 1970களின் இறுதி தொட்டு, மானியம் தந்து அந்நீரை இறைத்துக் கோதுமை விளைவித்தனர். 1990களின் தொடக்கத்தில் ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ 40 இலட்சம் டன்னை எட்டியது, ஏற்றுமதியும் நடந்தது. இறைத்ததை ஈடுசெய்ய அங்கு மழை ஏது? 2008இல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்த அரசு, 2016இல் அதனை நிறுத்தவும் நேர்ந்தது.

நாம் கேட்ட சீறா விரிவுரைகள் பலவும் நாட்டுப் படல வெள்ளத்திலேயே நீந்தி மகிழ்கின்றன. ஒரு 'முத்து', அதாவது முக்கால் லிட்டர் அளவு நீரில் ஒளுச் செய்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காப்பியத்தில், சுரப் படலத்தையும் ஓர் இரவேனும் எடுத்து ஓதி விளக்கலாகாதா?